காரைக்குடியிலிருந்து மெல்பர்ன்: ஆஸ்திரேலிய ஓப்பன் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஒரு ஜனவரி மாதம் ஆயாவையும் (எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் அழைப்போம்) அழைத்துக்கொண்டு மெல்பர்ன் போய், ஆறு நாள் டென்னிஸ் பார்த்துவிட்டு வந்தேன். அதிலிருந்து கல்யாண வீடு, பிள்ளையார் நோன்பு என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் முகப்பில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பற்றிக் கேட்கிறார். கேட்பவர்களில் பாதிப் பேர் உண்மையிலேயே போக நினைப்பவர்கள். அவர்களுக்காக, திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டென்னிஸில் நாலு பெரிய போட்டி இருக்கிறதே, ஏன் ஆஸ்திரேலியா?

நமக்கு வழி சுலபம். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வழியாகத் திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானம் இருக்கிறது. அந்த இரண்டு ஊர்களிலிருந்தும் மெல்பர்னுக்கு நேரடி விமானம் இருக்கிறது. நம் பாட்டன்மார் கொண்டுவிற்கக் கப்பலேறிப் போன திசைதான், இன்னும் கொஞ்சம் தெற்கே போகிறோம்.

விம்பிள்டனுக்கு டிக்கெட் வாங்குவது வேறு கதை. ஒன்று, முந்தைய ஆண்டே பெயரைப் பதிந்து குலுக்கலில் விழ வேண்டும். இல்லையென்றால் மைதானத்துக்கு எதிரே உள்ள பூங்காவில் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும். குடும்பத்தோடு முதல்முறை போகிறவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவில் இணையத்தில் உட்கார்ந்து, நாளைப் பார்த்து, பணம் கட்டினால் டிக்கெட் கையில். பொங்கல் முடிந்த கையோடு கிளம்பலாம் என்பது கூடுதல் வசதி.

எந்த வாரம் போக வேண்டும்? கடைசி வாரம்தானே முக்கியம்?

முதல் வாரம் போங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்கள் ஒற்றையரில் 128 பேர், பெண்கள் ஒற்றையரில் 128 பேர். முதல் சுற்றில் மட்டும் 128 ஆட்டங்கள். 2024-லிருந்து போட்டி ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடுவதால் இந்த 128 ஆட்டங்களும் மூன்று நாட்களில் நடக்கின்றன. காலை 11 மணிக்கு உள்ளே நுழைந்தால், ஒரே நேரத்தில் பத்துக்கும் மேற்பட்ட களங்களில் பந்து பறந்துகொண்டிருக்கும். உலகத் தரவரிசையில் இருபதாவது இடத்தில் இருப்பவர், நம் வீட்டு வளவின் (உள்முற்றத்தின்) அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் உள்ள தூரத்தில் ஆடுவார்.

இரண்டாவது வாரத்தில் ஒற்றையர் ஆட்டங்கள் குறைந்து, எல்லாம் பெரிய அரங்கத்துக்குள் போய்விடும். வெளிக் களங்களில் இரட்டையர், ஜூனியர், சக்கர நாற்காலி ஆட்டங்கள் இருக்கும். அவையும் அருமையானவை, ஆனால் முதல் பயணத்துக்கு முதல் வாரம்தான் என் தீர்ப்பு. முதல் நான்கு நாட்களை விடாதீர்கள்.

பிரதான போட்டிக்கு முந்தைய வாரம் தகுதிச் சுற்று நடக்கும். நுழைவுக் கட்டணம் மிகக் குறைவு. பெரிய ஆட்டக்காரர்கள் பயிற்சி எடுப்பதையும் அப்போது பார்க்கலாம். நாட்கள் கையில் இருந்தால் இரண்டு நாள் முன்னதாகவே போய்விடுங்கள்.

கிரவுண்ட் பாஸ் என்கிறார்களே, அதில் என்ன பார்க்க முடியும்?

மெல்பர்ன் பார்க் வளாகத்துக்குள் நுழைந்து, இருக்கை எண் இல்லாத களங்களில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே உட்கார்ந்து பார்க்கும் சீட்டு அது. ராட் லேவர் அரினா, மார்கரெட் கோர்ட் அரினா இரண்டுக்கும் தனி டிக்கெட் வேண்டும். ஜான் கெய்ன் அரினா, கியா அரினா போன்றவற்றில் கிரவுண்ட் பாஸுக்கு எவ்வளவு இடம் ஒதுக்குகிறார்கள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். வாங்கும்போது டிக்கெட்டுக்குக் கீழே இருக்கும் விளக்கத்தை முழுதாகப் படியுங்கள்.

முதல் நாள் நாங்கள் உட்கார்ந்தது ஒரு சின்னக் களம். வேலிக்கு இந்தப் பக்கம் நாலைந்து வரிசைதான். சர்வீஸ் போடுகிறவர் பந்தைத் தரையில் தட்டும் சத்தம், நின்று திரும்பும்போது ஷூ நீலத் தரையில் கிறீச்சிடும் சத்தம், அடித்த வேகத்தில் மூச்சை விடும் சத்தம் மூன்றும் தனித்தனியாகக் காதில் விழுந்தன. பந்து வலையை உரசிக்கொண்டு தாழ்வாகப் போவதும், தரையில் பட்டதும் மேலெழும்பி எதிராளியின் தோளுக்கு வருவதும் தொலைக்காட்சியில் தெரியவே தெரியாது. மேலே இருந்து எடுக்கும் கேமரா அந்தச் சுழலைத் தட்டையாக்கிவிடுகிறது. பக்கவாட்டில் பத்தடி தூரத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் அது புரியும். இருபது வருடம் தொலைக்காட்சியில் பார்த்ததைவிட அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு அதிகம் விளங்கியது.

இன்னொன்று: மறுநாள் எந்தக் களத்தில் யார் ஆடுகிறார்கள் என்ற பட்டியலை முந்தைய நாளே வெளியிடுவார்கள். அதைப் பார்த்து மூன்று ஆட்டங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பார்க்க ஓடினால் எதையும் பார்க்க முடியாது.

அவ்வளவு தூரம் போய் இறுதி ஆட்டத்தைப் பார்க்காமலா வருவது?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதலில் ஒரு மறுவிற்பனை இணையதளத்தில் அரையிறுதிக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன். அசல் விலையைப் போல் மூன்று மடங்கு. பணம் போய்விட்டது, டிக்கெட் வரவே இல்லை. எழுதி எழுதி, நாலு மாதம் கழித்துத்தான் பணம் திரும்பியது. அந்த நாலு மாதக் கவலை வேறு யாருக்கும் வேண்டாம்.

பெரிய அரங்கத்தில் ஓர் இரவு உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும். அந்த ஆரவாரம் வேறு. அதற்கு முதல் வாரத்திலேயே ராட் லேவர் அரினாவில் ஓர் இரவு ஆட்டத்துக்கு வாங்குங்கள். முதல் சுற்றிலும் முன்னணி ஆட்டக்காரர்களைத்தான் அங்கே ஆட வைப்பார்கள். ஏறக்குறைய 15,000 பேர் உட்காரும் இடம். மேல் வரிசையானாலும் களம் முழுவதும் தெரியும். மற்ற நாட்களுக்குக் கிரவுண்ட் பாஸ் போதும்.

டிக்கெட் எப்போது, எங்கே வாங்குவது?

வழக்கமாக அக்டோபரில் விற்பனை தொடங்கும். போட்டியின் சொந்த இணையதளம் வழியாக டிக்கெட்மாஸ்டரில் வாங்குங்கள். வேண்டாதவர்கள் திருப்பி விற்பதற்கும் அங்கேயே அதிகாரபூர்வமான இடம் உண்டு. வேறு எந்தத் தளமும் வேண்டாம். டிக்கெட் கைப்பேசியில்தான் வரும். ஆகவே வெளிநாட்டில் வேலை செய்யும் சிம்மும், சார்ஜ் ஏற்றும் பவர் பேங்கும் அவசியம்.

விசா கிடைப்பது கஷ்டமா?

600 என்ற எண் கொண்ட வருகையாளர் விசா. விண்ணப்பம் முழுக்க இணையத்தில்தான். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, ஊரில் உள்ள தொழில் அல்லது வேலைக்கான சான்று, சொத்து விவரம் இவற்றைத் தெளிவாக ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். விசா அதிகாரிகள் பார்ப்பது இரண்டுதான்: செலவுக்குப் பணம் இருக்கிறதா, முடிந்ததும் ஊருக்குத் திரும்புவார்களா. கடை வைத்திருப்பவர்கள் ஜி.எஸ்.டி. பதிவையும், வயல் உள்ளவர்கள் பட்டாவையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு சேர்க்கலாம். டென்னிஸ் பார்க்கப் போகிறேன் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, டிக்கெட் வாங்கியிருந்தால் அதையும் இணைத்துவிடுங்கள்.

75 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள். அதற்கும் நேரம் வைத்துக்கொண்டு, அக்டோபர் கடைசிக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். விசா கைக்கு வருமுன், பணம் திரும்பாத விமான டிக்கெட்டை வாங்க வேண்டாம்.

விமானத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

திருச்சியிலிருந்து மெல்பர்ன் வரை ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். விலை குறைகிறதே என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தால், நடுவில் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டியிருக்கும். இது தெரியாமல் விமான நிலையத்தில் தவித்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் ஒரு நாள் இறங்க ஆசைப்பட்டால், செல்லுபடியாகும் ஆஸ்திரேலிய விசா வைத்திருக்கும் இந்தியர்கள் 96 மணி நேரத்துக்குள் விசா இல்லாமல் இடைத்தங்க வசதி உண்டு. நிபந்தனைகளை முன்கூட்டியே படித்துவிட்டுத் திட்டமிடுங்கள். நாங்கள் திரும்பும்போது இறங்கினோம். டாங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் ஆயா அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நகரத்தார் 1859-ல் எழுப்பிய கோயில் அது.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்போமே, இரண்டும் ஒரே சமயத்தில் வராதா?

பெரும்பாலும் வரும். போட்டி ஜனவரி நடுவில் தொடங்கி மாதக் கடைசியில் முடியும். 2026-ல் ஆண்கள் இறுதி ஆட்டமும் தைப்பூசமும் ஒரே நாளில், பிப்ரவரி 1-ல் வந்தன. குன்றக்குடியிலிருந்து காவடியோடு நடக்கிறவர்களுக்கு அதற்குப் பல நாள் முன்பே பயணம் தொடங்கிவிடுகிறது. வேண்டுதல் இருந்தால் அந்த ஆண்டு பழனிக்கே போங்கள்; டென்னிஸ் அடுத்த ஆண்டும் நடக்கும். வேண்டுதல் இல்லாதவர்கள் மெல்பர்னிலேயே சன்ஷைன் பகுதியில் உள்ள முருகன் கோயிலுக்குப் போகலாம்.

பலகாரம் கொண்டு போகலாமா?

போகலாம், ஆனால் மறைக்கக் கூடாது. விமானத்தில் தரும் வருகை அட்டையில் உணவு கொண்டுவந்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். 'ஆம்' என்று குறியுங்கள். அறிவித்துவிட்டால், கூடாத பொருளாக இருந்தாலும் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். அறிவிக்காமல் பிடிபட்டால் பெரிய அபராதம். விசா ரத்தாகவும் வாய்ப்புண்டு.

ஆயா தேன்குழலும் சீப்புச்சீடையும் இரண்டு டப்பா கட்டியிருந்தார். அதிகாரி மூடியைத் திறந்து பார்த்தார், அரிசி மாவில் செய்து எண்ணெயில் பொரித்தது என்று சொன்னேன், சிரித்துக்கொண்டே மூடிக் கொடுத்துவிட்டார். கறிவேப்பிலை, பழம், பச்சைக் காய், விதை எதுவும் வேண்டாம். பால்கோவா மாதிரிப் பால் சேர்ந்த இனிப்பையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

சைவச் சாப்பாடு?

கிடைக்கும். வளாகத்துக்குள் விலை அதிகம். அறையில் சோறு வடிக்க முடிகிற மாதிரி சமையலறை உள்ள தங்குமிடம் எடுத்தால் பாதிச் செலவு மிச்சம். டான்டினாங் பக்கம் நம் ஊர் மளிகை எல்லாம் கிடைக்கிறது.

வெயில் தாங்க முடியுமா? நாம் பார்க்காத வெயிலா?

நாம் பார்க்காத வெயில்தான். சூடு நம் சித்திரைக்குச் சமம், சில நாட்களில் 40 டிகிரியைத் தாண்டும். ஆனால் அங்கே புற ஊதாக் கதிர் கடுமை. வியர்க்காமலேயே தோல் வெந்துவிடும். அகலத் தொப்பி, முழுக்கைச் சட்டை, இரண்டு மணிக்கொரு முறை சன்ஸ்கிரீன், தண்ணீர் பாட்டில். கண்ணாடி பாட்டிலை உள்ளே விட மாட்டார்கள்.

போட்டி நடத்துபவர்களும் வெப்பத்தை அளந்துகொண்டே இருக்கிறார்கள். காற்றின் சூடு, வெயிலின் தாக்கம், ஈரப்பதம், காற்றின் வேகம் நான்கையும் சேர்த்து 1 முதல் 5 வரை ஓர் அளவு. 2019-ல் கொண்டுவந்தது. 5-ஐத் தொட்டால் வெளிக் களங்களில் ஆட்டம் நின்றுவிடும். மூன்று பெரிய அரங்கங்களில் கூரையை மூடிவிட்டு ஆட்டம் தொடரும்.

அதே நாள் சாயங்காலம் தெற்குக் காற்று திரும்பினால் ஒரு மணி நேரத்துக்குள் குளிர் வந்துவிடும். காலையில் தொப்பியோடு சேர்த்து ஒரு ஸ்வெட்டரையும் பையில் போடுங்கள். நான் எடுக்காமல் போய், இரவு ஆட்டத்தில் ஆயாவின் சால்வையைப் பாதி வாங்கிப் போர்த்திக்கொண்டேன்.

மைதானத்துக்கு எப்படிப் போவது?

ஊர் நடுவில் ஃபிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தங்குங்கள். ஆற்றோரமாகப் பதினைந்து இருபது நிமிட நடை. நடக்க முடியாதவர்களுக்கு 70-ஆம் எண் டிராம். போட்டி டிக்கெட் இருந்தால் அதில் கட்டணம் இல்லை.

இரவு ஆட்டம் 7 மணிக்குத் தொடங்கும், எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2023-ல் ஆண்டி மர்ரியும் தனாசி கொக்கினாகிசும் ஆடிய ஆட்டம் விடியற்காலை 4 மணி 5 நிமிடத்துக்கு முடிந்தது. ஆகவே இரவு ஆட்டம் பார்த்த மறுநாள் காலை எதையும் திட்டமிடாதீர்கள்.

டென்னிஸ் விதி தெரியாதவர்கள் வந்தால் அலுப்பாக இருக்குமா?

15, 30, 40, பிறகு கேம். ஆறு கேம், இரண்டு கேம் வித்தியாசத்தில் எடுத்தால் ஒரு செட். பெண்களுக்கு மூன்றில் இரண்டு செட், ஆண்களுக்கு ஐந்தில் மூன்று. கடைசி செட்டில் 6-6 என்று வந்தால் முதலில் 10 புள்ளி, அதுவும் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் எடுப்பவர் வெற்றி. இதைக் காரில் திருச்சி போவதற்குள் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

நடந்துகொள்ளும் முறையில் ஒன்றுதான் முக்கியம். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது பேசக் கூடாது, எழுந்து நடக்கக் கூடாது. புள்ளி முடிந்ததும் எவ்வளவு வேண்டுமானாலும் கைதட்டலாம்.

நம் ஆட்கள் யாராவது அங்கே ஜெயித்திருக்கிறார்களா?

1989-ல் சென்னைக்காரர் ரமேஷ் கிருஷ்ணன் இரண்டாவது சுற்றில் மாட்ஸ் விலாண்டரை வென்றார். விலாண்டர் அப்போது உலகின் முதல் நிலை வீரர், முந்தைய ஆண்டு இதே போட்டியின் சாம்பியன். ரமேஷின் அடியில் வேகம் கிடையாது. கை அசைவே தெரியாமல் பந்தை வைக்கிற இடத்தில் வைப்பார். அதன் பிறகு நாலு பெரிய போட்டிகளில் ஒன்றின் ஒற்றையரில், முன்னணியினர் என்று போட்டிக்கு முன்பே வரிசைப்படுத்தப்பட்ட ('சீடு' பெற்ற) ஆட்டக்காரரை இன்னோர் இந்தியர் வீழ்த்த 35 ஆண்டு ஆனது. 2024-ல் அதே மெல்பர்னில் சுமித் நாகல் முதல் சுற்றில் அலெக்சாண்டர் பப்ளிக்கை வென்றார். அதே ஆண்டு ரோகன் போபண்ணா 43 வயதில் மேத்யூ எப்டனோடு இரட்டையர் பட்டம் எடுத்தார்.

வயதானவர்களை அழைத்துப் போகலாமா?

என் ஆயாவுக்கு அப்போது 72. அழைத்துப் போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மைதானம், நடுவில் ஓய்வு நாள் என்று வைத்துக்கொண்டோம். அவருக்குப் பகலில் நிழலுள்ள இருக்கையாகப் பார்த்து வாங்கினேன். முழங்கால் வலி உள்ளவர்கள் படி ஏற வேண்டாத இருக்கை என்று தேடி வாங்க வேண்டும். பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். அங்கே மருத்துவச் செலவு நமக்குத் தாங்காது.

அவருக்கு யார் ஜெயிக்கிறார்கள் என்பதில் அக்கறை இல்லை. பந்து பொறுக்கும் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் உட்கார்ந்த ஆட்டக்காரருக்கு ஒரு சின்னப் பெண் குடை பிடித்ததும், "ஏன்டா ராசா, மாப்பிள்ளை அழைப்புக்குப் பிடிக்கிற மாதிரியில்ல பிடிக்குது அந்தப் பிள்ளை" என்றார். மூன்றாம் நாள் அவரே சர்வீஸ் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

இந்த ஆண்டு அவ்வளவு செலவு செய்ய முடியாது. வேறு வழி?

சென்னை இருக்கிறது. நுங்கம்பாக்கம் எஸ்.டி.ஏ.டி. டென்னிஸ் அரங்கத்தில் 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும், பெரும்பாலும் ஜனவரியில், ஆண்களுக்கான சர்வதேச ஏ.டி.பி. போட்டி நடந்தது. ஸ்டான் வாவ்ரிங்கா அங்கே நான்கு முறை பட்டம் வென்றார். அந்தப் போட்டி புனேவுக்குப் போனது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். 2022-லும் 2025-லும் பெண்களுக்கான டபிள்யூ.டி.ஏ. போட்டி அங்கே நடந்தது. பிப்ரவரி வாக்கில் நடக்கும், ஏ.டி.பி.க்கு ஒரு படி கீழான சேலஞ்சர் போட்டியையும் கவனியுங்கள். 2024-ல் மெல்பர்னில் ஜெயித்துவிட்டு வந்த நாகல், மறுமாதம் சென்னையில் அந்தச் சேலஞ்சர் பட்டத்தை எடுத்தார். அந்த வெற்றிதான் அவரை முதல் நூறு பேருக்குள் கொண்டுபோனது.

காரைக்குடியில் விடியற்காலை பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் மத்தியானம் எழும்பூர். அங்கிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் சேத்துப்பட்டு, அடுத்தது நுங்கம்பாக்கம். இறங்கி ஆட்டோ பிடித்தால் சில நிமிடத்தில் அரங்கம். சாயங்கால ஆட்டங்களுக்குத் தாராளமாக நேரம் இருக்கும்.